கார்ட்டூன்தானே என்று ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்

அண்மையில் வந்த பையனுக்கு ஏழு வயது. வயிற்று வலி என்று குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஒன்றும் இல்லை என்றதும் மனநல ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வலி ராத்திரியில் மட்டும்தான் வருகிறது. தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். வீட்டுப் பூனை அறைக்குள் வந்தால் அழுகிறான். காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தேன். வரிசையாக எலும்புக்கூடுகள் வரைந்தான். நடுவில் மூன்று ரோபோக்கள், மூலையில் கட்டைவிரல் முளைத்த ஒரு பூனை. எந்தப் படம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதைப் பார்த்து பயந்து என்னிடம் வந்த முதல் குழந்தை இவன் இல்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நெட்ஃபிளிக்ஸில் 2019 மார்ச்சில் வந்த 'லவ், டெத் அண்ட் ரோபோட்ஸ்' தொகுப்பில் 'த்ரீ ரோபோட்ஸ்' என்று ஒரு குறும்படம். மனித இனமே அழிந்துபோன நகரத்தை மூன்று ரோபோக்கள் சுற்றுலா வந்தவர்கள்போலச் சுற்றிப் பார்த்து, செத்துக் கிடப்பவர்களைப் பற்றிக் கேலி பேசுகின்றன. உலகம் அழியும் அறிவியல் கதைகளை எல்லாம் கிண்டல் செய்யும் படம். கதைப்படி ரோபோக்கள் மனிதனை அழிக்கவில்லை. நீரையும் நிலத்தையும் கெடுத்துக்கொண்டு அவனே அழிந்தான். மிச்சத்தைப் பூனைகள் எடுத்துக்கொண்டன. நல்ல படம், எனக்குப் பிடித்த படம். ஆனால் பெரியவர்களுக்கான படம்.

"கார்ட்டூன்தானே மேடம்னு விட்டுட்டோம்." இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பொம்மை அசைந்தால் அது குழந்தைகளுக்கு என்று யார் சொன்னது? அனிமேஷன் என்பது படம் எடுக்கும் முறை, அவ்வளவுதான். கேமராவில் எடுத்தால் காதல், கொலை, அரசியல், ஆபாசம் எல்லாம் வரும் என்று நமக்குத் தெரிகிறது. வரைந்து எடுத்தாலும் அத்தனையும் வரும். 1972-இலேயே அமெரிக்காவில் 'ஃபிரிட்ஸ் தி கேட்' என்ற முழுநீளப் பூனைக் கார்ட்டூன், பெரியவர்கள் மட்டும் பார்க்க 'எக்ஸ்' சான்றிதழோடு தியேட்டருக்கு வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் நாம் இன்னும் பூனை வந்தால் குழந்தைப் படம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, "கெட்ட காட்சி ஒன்றும் இல்லையே" என்பார்கள். பிரச்சினை காட்சியில் மட்டும் இல்லை, கிண்டலிலும் இருக்கிறது. கிண்டல் புரிய வேண்டுமானால் முதலில் எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். உலக அழிவுப் படங்களைப் பார்த்துப் பழகிய உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. குழந்தைக்கோ எலும்புக்கூடு எலும்புக்கூடுதான். சொல்வது ஒன்று, பொருள் வேறு என்பது ஐந்தாறு வயதில்தான் மெல்லப் பிடிபடத் தொடங்கும். பத்து வயதுக்கு அப்புறமும் அது முழுதாகக் கைவந்திருக்காது. செத்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள், எல்லோருக்கும் சாவு உண்டு, அம்மாவுக்கும் உண்டு என்பது மனதில் உறைப்பதும் ஏறக்குறைய அதே வயதில்தான். அந்த நேரத்தில் உலகமே செத்துக் கிடப்பதைக் காட்டி, கூடவே சிரிப்பையும் காட்டினால் குழந்தை என்ன செய்யும்? பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும்.

இன்னொன்று. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு படமும் தனிக்கதை. முதல் சீசனில் 18. அதில் நிர்வாணமும் கொடூரமான வன்முறையும் உள்ளவை இருக்கின்றன. முதல் சீசன் வந்தபோது வரிசைகூட ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. ஒன்று முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடும். நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள்.

எனவே இன்றைக்கே செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். குழந்தைக்குத் தனி கிட்ஸ் ப்ரொஃபைல் போடுங்கள். அது மட்டும் போதாது. உங்கள் ப்ரொஃபைலுக்கு நான்கு இலக்க பின் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பட்டனில் உள்ளே வந்துவிடுவான். பின் நம்பர் அவன் பிறந்தநாளாக இருக்க வேண்டாம். அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி படங்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட்டாக வேண்டும். படம் தொடங்கும்போது திரையில் வருகிறது. அதைப் படிக்க இரண்டு நொடி ஆகுமா? படிக்காமல் விட்டுவிட்டு என்னிடம் வந்து "போட்டிருக்கலாமே" என்று கேட்காதீர்கள். போட்டிருக்கிறார்கள். ஆனால் அதே படத்தின் துண்டுகள் ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் எந்த வகையும் இல்லாமல் சுற்றுகின்றன. அங்கே பின் நம்பர் உதவாது. கூட உட்கார வேண்டியதுதான்.

ஏற்கெனவே பார்த்துவிட்டானா? தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை பார்த்ததையும் மறைப்பான், பயந்ததையும் மறைப்பான். "அதெல்லாம் சும்மாடா" என்று ஒதுக்கவும் வேண்டாம். என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். "அம்மா, நாம எல்லாரும் செத்துப் போயிடுவோமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "எல்லோரும் ஒருநாள் சாவோம், ஆனால் அம்மா ரொம்ப நாள் உன்கூட இருக்கணும்னுதான் உடம்பைப் பார்த்துக்கறேன்" என்ற அளவு போதும். சில நாள் விளக்கைப் போட்டே தூங்கட்டும். இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் சரியாகாவிட்டாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கூட்டி வாருங்கள். வரும்போது அவன் எதைப் பார்த்தான் என்பதையும் சொல்லுங்கள். பார்த்தவற்றின் பட்டியல் நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலேயே தேதியோடு இருக்கும்.