புது ஊசி மட்டும் போதாது

ரத்த தானம் செய்ய வருபவர்களிடம் நாங்கள் கட்டாயம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "கடந்த ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தினீர்களா?" போன மாதம் ஒரு தம்பி, அக்காவின் பிரசவத்துக்காக ரத்தம் கொடுக்க வந்தார். சட்டைக் கையை மடித்தால் முன்கையில் ஒரு வேல். ஓரங்களில் பொருக்கு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. திருவிழாக் கடையில் குத்திப் பத்து நாள்தான் ஆகிறதாம். பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் எடுக்க முடியும் என்றதும் முகம் வாடிவிட்டது.

"புது ஊசிதான் சார். கவரை என் கண் முன்னாடிதான் பிரிச்சாங்க."

நம்பினேன். "மையை எதுல தொட்டாங்க தம்பி?" என்று கேட்டேன். யோசித்தார். "ஒரு சின்ன மூடி சார். எனக்கு முன்னாடி ஒரு அண்ணனுக்குப் போட்டாங்க. அதே மூடிதான்."

ஆபத்து அந்த மூடியில்தான் இருக்கிறது. ஊசி தோலைக் குத்திவிட்டு மறுபடி மையில் முங்கும்போது, கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் மையில் கலக்கிறது. அடுத்தவருக்கு எவ்வளவு புது ஊசி மாட்டினாலும், முந்தியவரின் ரத்தம் கலந்த மையைத்தான் அது உள்ளே கொண்டுபோகிறது. ஊசி மாட்டும் பிடி, ரத்தக் கையோடு தொட்ட ஸ்பிரே பாட்டில், துடைத்த துணி என்று மற்றவற்றுக்கும் இதே கதைதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதும் வெந்நீரில் அலசுவதும் போதாது; திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தாக வேண்டும்.

எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. மருத்துவமனை ஊழியர்களுக்கு, தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்தும்போது எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 சதவீதம். நியூயார்க் நகரம் 1961-இல் பச்சை குத்துவதையே தடை செய்ததற்குச் சொன்ன காரணம் ஹெபடைட்டிஸ் பிதான். அந்தத் தடை 1997 வரை நீடித்தது.

கண் மஞ்சளானால்தானே காமாலை என்று நினைக்கிறோம். ஹெபடைட்டிஸ் தொற்றிய பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. ரத்தம் வழியாகவே பரவும் ஹெபடைட்டிஸ் சி வகை தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உடம்பிலேயே தங்கி, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கிறது. வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையிலோதான் பலருக்குத் தெரியவருகிறது. எந்த ஊசியில் எப்போது வந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

குத்திய மறுவாரமே டெஸ்ட் எடுத்து, "நெகட்டிவ்" என்று நிம்மதியாகப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவ்வளவு சீக்கிரம் எதுவும் தெரியாது. மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை பி வகைக்கான எச்.பி.எஸ்.ஏஜி, சி வகைக்கான ஆன்டி எச்.சி.வி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் பாருங்கள்.

பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் வந்தது 2011-இல்தான். இன்று பச்சை குத்தும் வயதில் இருப்பவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். குத்தியே தீருவேன் என்றால், மூன்று ஊசியையும் முடித்துவிட்டுக் குத்துங்கள். சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கடையில் உட்காருமுன் மையைப் புது மூடியில், உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தம்பி தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு மாமா ரத்தம் கொடுத்தார். அன்று கூடவே குத்திக்கொண்ட நண்பர்கள் இரண்டு பேரையும் மூன்றாம் மாதப் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.