ஏட்டு மதிப்பிறக்கம்: ‘தள்ளுபடி’ ஏன் பொருந்தாது?

2023 மார்ச்சில் முடிந்த காலாண்டில், நினைவகச் சில்லுகள் (chips) செய்யும் அமெரிக்க நிறுவனமான மைக்ரான் தன் கையிருப்பிலிருந்த சில்லுகளின் மதிப்பைக் கணக்கில் 143 கோடி டாலர் குறைத்து எழுதியது. ஆங்கிலத்தில் இதற்கு inventory write-down என்று பெயர். அந்தக் காலாண்டின் நிகர நட்டம் 231 கோடி டாலர். சில்லு நிறுவனங்கள் தடுமாறும் ஒவ்வொரு முறையும் தமிழ்ச் செய்திகளில் இதைக் ‘கையிருப்புத் தள்ளுபடி’ என்கிறார்கள். இங்கே மியன்மாரில், யங்கோனில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? தீபாவளிக் கழிவு போல விலையைக் குறைத்து விற்றுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். விற்பனைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சரக்கு கிடங்கிலேயே இருக்கிறது. மாறியது ஏட்டில், அதாவது கணக்குப் புத்தகத்தில், உள்ள எண்.

தள்ளு, படி என்று பிரித்தால் சொல் விளங்கிவிடும். செல்லுபடி, கட்டுபடி என்பவற்றோடு சேர்ந்தது. கணக்கிலிருந்து ஒன்றை அடியோடு விலக்குவதே அதன் பொருள். மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

சில்லு ஆலையில் நடப்பது வேறு. ஒரு சிலிக்கான் தகடு சில்லாக வெளிவர மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். கணினியும் கைப்பேசியும் விற்காமல் போனாலும், உள்ளே போன தகடுகள் வந்துகொண்டேதான் இருக்கும். இயந்திரங்களுக்குக் கொட்டிய பணம் பெரிது, ஆகவே ஆலையை நிறுத்தவும் மனம் வராது. இருப்பு குவிய, விலை சரிகிறது. விற்றால் கிடைக்கும் தொகை செய்த செலவைவிடக் குறைந்தால், குறைந்த தொகையைத்தான் ஏட்டில் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி. அந்த வித்தியாசம் அதே காலாண்டில் நட்டமாக ஏறுகிறது.

சிலர் ‘இருப்புக் கழிவு’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். வியாபாரத்தில் கழிவு என்றால் விலைக்குறைப்பு. தெருவில் கழிவு என்றால் குப்பை. பல கோடி டாலர் சில்லுகளைக் குப்பையில் கொட்டினார்கள் என்று படிப்பவர் நம்பினால் அவர் மேல் குற்றமில்லை. ‘தேய்மானம்’ என்பதும் தவறு: அது இயந்திரம் ஆண்டுக்காண்டு தேய்வதற்குரிய சொல். வெறும் ‘மதிப்புக் குறைப்பு’ என்றால் நாணயம் நினைவுக்கு வரும். 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதைப் பார்த்த இந்த ஊரில், பணத்தைப் பற்றிய சொல்லைச் சரக்கின் மேல் ஒட்டக் கூடாது.

இந்தப் பர்மா மண்ணில் வாழ்ந்த தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ரங்கூன் (இன்றைய யங்கோன்) மொகல் தெருவில், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் பேரேடு எழுதிய காலத்தில், 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. கடனை விட்டுக்கொடுத்தால் அது தள்ளுபடி. கடனுக்கு ஈடாக வந்த நிலத்தை இன்றைய விலைக்கு இறக்கி எழுதினால் அது வேறு காரியம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், பெட்டியடியில் (கடையில் கணக்கும் பணமும் பார்க்கும் இடத்தில்) இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது. இன்றும் வங்கிகள் வாராக்கடனைத் தம் ஏட்டிலிருந்து நீக்கியதைக் ‘கடன் தள்ளுபடி’ என்று செய்தியில் எழுதுகிறார்கள். கடன் வாங்கியவரை விட்டுவிட்டார்கள் என்று ஊரே கொதிக்கிறது. கடனோ அவர் தலையில்தான் இருக்கிறது, வசூலும் நடக்கிறது. இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் சொல்லைத் தேடாமல், கைக்கு முதலில் கிடைத்ததை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான். அகராதியில் ஒரு பொருள் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். கணக்குப் பிள்ளை ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

என் பரிந்துரை ‘ஏட்டு மதிப்பிறக்கம்’. மாற்றம் ஏட்டில் என்பதும், சரக்கு போய்விடவில்லை என்பதும் அதிலேயே இருக்கின்றன. இறக்கம் என்று வைத்தால் ஏற்றத்துக்கும் வழி கிடைக்கும். அமெரிக்கக் கணக்கு விதியில் ஒருமுறை இறக்கிய இருப்பை மீண்டும் ஏற்ற முடியாது. பன்னாட்டு விதியில் விலை தேறினால், முன்பு இறக்கிய அளவுவரை ஏற்றலாம். கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ் 2024இல் நினைவகச் சில்லின் விலை தேறியபோது அப்படித்தான் செய்தது. அதை எழுத வேண்டிய நாளில் ‘தள்ளுபடி’க்காரர்களிடம் சொல் இல்லை. நாம் ‘ஏட்டு மதிப்பேற்றம்’ என்று எழுதலாம்.