கோட்டைக்கு மேல் பூக்கும் வாணம்: அகலக்கோண லென்ஸின் கணக்கு

வானத்தில் வெடிக்கும் வாணக் குண்டு, தனக்குள் அடுக்கப்பட்ட மருந்துருண்டைகளை எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எறிவதால், அதன் ஒளிப்பூ கோள வடிவம் கொள்கிறது. கோளத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டமாகவே தெரியும். தீம் பார்க்கின் கோட்டைக்கு நேர் எதிரே நிற்பவரும், ஏதோவொரு பக்கச் சந்தில் நின்று எட்டிப் பார்ப்பவரும் காண்பது ஒரே வட்டத்தைத்தான். ஆனால் அந்த வாணத்தை அகலக்கோண லென்ஸில் படம் பிடித்தால், படத்தின் நடுவில் வட்டமாக விழுவது மூலையில் முட்டை வடிவமாக நீண்டுவிடுகிறது. கோட்டையின் கோபுரங்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. கண்ணுக்கு வானம் முழுவதும் நிறைந்ததாகத் தோன்றிய காட்சி, படத்தில் ஒரு சிறு பூங்கொத்தாகச் சுருங்கிவிடுகிறது. இவற்றை லென்ஸின் குறைகளாக எண்ணிப் பலர் அடுத்த லென்ஸை வாங்கப் புறப்படுகிறார்கள். உண்மையில் இவை வடிவியலின் விளைவுகள். இந்த வடிவியலை அறிந்தவருக்கு, எந்த லென்ஸ் வேண்டும் என்பதைவிட எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியே முதலில் எழும்.

ஒரு லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதை அதன் குவியத் தூரமும் (லென்ஸின்மேல் மி.மீட்டரில் குறிக்கப்படும் எண்), கேமராவுக்குள் பிம்பம் விழும் சென்சாரின் அளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட ஃபுல் ஃப்ரேம் சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் நீளவாட்டில் சுமார் 40 பாகையைப் பார்க்கிறது. 24 மி.மீ. லென்ஸுக்கு அது 74 பாகை, 16 மி.மீ. லென்ஸுக்கு 97 பாகை, 14 மி.மீ. லென்ஸுக்கு 104 பாகை. குவியத் தூரம் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு கூடுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 70 மி.மீட்டரிலிருந்து 68-க்கு இறங்கினால் பார்வைக்கோணம் ஒரு பாகைகூட விரிவதில்லை. 16-லிருந்து 14-க்கு இறங்கினால் 7 பாகைக்கு மேல் விரிகிறது. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 16 மி.மீ. லென்ஸும், இன்னும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 12 மி.மீ. லென்ஸும் ஃபுல் ஃப்ரேமின் 24 மி.மீ. லென்ஸ் தரும் அளவுக்கு நெருங்கிய பார்வையைத் தருகின்றன.

இனி நிற்கும் இடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட, டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி, அதாவது சுமார் 58 மீட்டர் உயரம் கொண்டது. இத்தகைய ஒரு கோட்டையை எடுத்துக்கொண்டு, அதற்கு 300 மீட்டர் பின்னாலிருந்து வாணங்கள் ஏவப்படுவதாகவும், வெடித்து விரியும் பூக்களின் உச்சி தரையிலிருந்து 220 மீட்டரில் இருப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கோட்டையிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்குக் கோட்டையின் உச்சி தரைமட்டத்துக்கு மேல் 44 பாகையில் தெரியும். வாணத்தின் உச்சியோ 31 பாகையில்தான் இருக்கும். அதாவது கோட்டையின் அச்சில் வெடிக்கும் வாணம் முழுவதும் கோட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். 120 மீட்டருக்குப் பின்வாங்கினால் கோட்டை 26 பாகைக்கு இறங்கும், வாணம் 28 பாகையில் நிற்கும். பூவின் நுனி மட்டும் கோபுரத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும். 200 மீட்டரில் கோட்டை 16 பாகை, வாணம் 24 பாகை. 300 மீட்டரில் கோட்டை 11 பாகைக்குச் சுருங்க, வாணம் 20 பாகையில், ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் விரிந்து நிற்கும்.

இந்த விகிதங்களில் எந்த இடத்திலும் குவியத் தூரம் நுழையவில்லை. 60 மீட்டரில் நின்று 14 மி.மீ. லென்ஸை மாட்டினாலும், மறைந்த வாணம் மறைந்ததுதான். கோட்டைக்கும் வாணத்துக்கும் இடையிலான உறவைக் கால்கள் தீர்மானிக்கின்றன. அந்த உறவைச் சுற்றி எவ்வளவு இடத்தைச் சேர்த்துக்கொள்வது என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது. கூட்டம் முன்வரிசைக்கு முண்டியடிக்கும் நேரத்தில் பின்னால் போய் நிற்பதற்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கூச்சமின்றிச் சொல்கிறேன்: வாணத்தைப் படம் பிடிக்க வந்தவருக்கு முன்வரிசை பெரும்பாலும் தவறான இடம்.

மேற்சொன்ன 200 மீட்டரில், 24 மி.மீ. லென்ஸைக் கிடைமட்டமாக, சாய்க்காமல் பிடித்தால், நடுக்கோட்டுக்கு மேல் 26.6 பாகை வரை படத்துக்குள் வரும். வாணத்தின் உச்சி 24 பாகையில் இருப்பதால் அது விளிம்புக்குச் சற்று உள்ளே அடங்கிவிடும். கேமராவை நிமிர்த்தி நெடுவாட்டில் பிடித்தால் நடுக்கோட்டுக்கு மேல் 37 பாகை கிடைக்கிறது. வாணங்கள் எதிர்பார்த்ததைவிட உயரமாகச் சென்றாலும் வெட்டுப்படாது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16-35 மி.மீ. அல்லது 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றே இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதுமானது. 14 மி.மீ. லென்ஸ், பின்வாங்க இடமே இல்லாதவர்களுக்கும், கோட்டையின் இருபுறங்களிலும் பூங்காவைச் சுற்றிலும் ஒரே நேரத்தில் வாணங்கள் எழும் நிகழ்ச்சிகளுக்கும் உரியது.

கேமராவைச் சாய்க்காமல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்சாரின் தளம் கோட்டைச் சுவருக்கு இணையாக நிற்கும்வரைதான் செங்குத்துக் கோடுகள் படத்திலும் இணையாக இருக்கும். மேல்நோக்கிச் சாய்த்த கணமே அவை உச்சியை நோக்கிக் குவியத் தொடங்கும். லென்ஸ் அகலமாக ஆக இந்தக் குவிதல் கண்ணை உறுத்தும் அளவுக்குப் போகும். சிண்ட்ரெல்லா கோட்டையைக் கட்டியவர்கள், அது இருப்பதைவிட உயரமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மேல்தளங்களின் சன்னல்களையும் கற்களையும் படிப்படியாகச் சிறிதாக்கியிருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே நுட்பமாகச் செய்து வைத்த ஒரு குவிதலின்மேல் நாம் இன்னொன்றை ஏற்றினால், கோட்டை பின்பக்கமாக விழுவதுபோலத் தோன்றும். சாய்ந்த படத்தைக் கணினியில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபட்டுத் தெளிவு குறையும், பக்கங்கள் வெட்டப்படும். கேமராவைத் தரைமட்டத்துக்கு நேராக வைத்து, தேவைக்குச் சற்று அகலமான லென்ஸில் எடுத்து, கீழ்ப்பாதியில் விழும் தலைகளையும் தரையையும் பிறகு வெட்டிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. டிஸ்னியின் எப்காட் பூங்காவின் ஏரிக்கரை போல முன்னால் தண்ணீர் இருக்கும் இடங்களில் அந்தக் கீழ்ப்பாதியையும் வெட்ட வேண்டியதில்லை; பிரதிபலிப்பு அதை நிரப்பிவிடும்.

மூலைகளில் வட்டம் முட்டையாவது ஏன்? நேர்கோடுகளை நேராகவே காட்டும் சாதாரண அகலக்கோண லென்ஸ், வெளியுலகின் கோணங்களைத் தட்டையான ஒரு தளத்தின்மேல் விரிக்கிறது. நடுவிலிருந்து விலக விலக, ஒரே கோண அளவுக்குத் தளத்தில் மேலும் மேலும் நீளம் தேவைப்படுகிறது. அந்த நீட்சி ஆரத்தின் திசையில் அதிகமாகவும் குறுக்குத் திசையில் குறைவாகவும் நிகழ்கிறது. 24 மி.மீ. லென்ஸின் மூலையில் ஒரு சிறு வட்டம் அதன் அகலத்தைப்போல் 1.35 மடங்கு நீளமாகிறது, 16 மி.மீ. லென்ஸின் மூலையில் ஏறத்தாழ 1.7 மடங்கு. கட்டடங்களில் இந்த நீட்சியைக் கண் எளிதில் மன்னித்துவிடும். வாணம் வட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அதில் மன்னிப்பதில்லை. ஆகவே பெரிய பூக்கள் படத்தின் நடுப்பகுதியில் விழும்படி அமைத்து, மூலைகளை வெறும் வானத்துக்கும் மரங்களுக்கும் விட்டுவிடுவது நல்லது.

மீன்கண்போல் மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் இதற்கு எதிர்மாறான பேரத்தைச் செய்கிறது. நடுவழியே செல்லாத நேர்கோடுகளை அது வளைத்துவிடும். ஆனால் அதே கோணத்தில் விழும் வட்டங்களைச் சாதாரண லென்ஸைவிட வட்டத்துக்கு நெருக்கமாக வைத்திருக்கும். கோட்டையைச் சரியாக நடுவில் நிறுத்தினால் அதன் வளைவு அதிகம் தெரியாது. வானம் முழுவதும் வாணங்கள் பரவும் இறுதிக் காட்சிக்கு, அகன்ற சாதாரண லென்ஸைவிட ஃபிஷ்ஐ பொருத்தமானது என்று நான் கருதுகிறேன்.

வெளிச்ச அளவுதான் இந்தக் கலையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி. சென்சாருக்கு ஒளியை விடும் கதவான ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் வாணம் வெளுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். 400 மீட்டர் தூரத்தில் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஓர் எரியும் மருந்துருண்டையைப் பார்ப்போம். 24 மி.மீ. லென்ஸின் வழியே அதன் பிம்பம் சென்சாரின்மேல் வினாடிக்கு 1.8 மி.மீ. வேகத்தில் நகர்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான் என்பதால், அந்தப் பிம்பம் ஒரு பிக்சலைக் கடக்க ஒரு வினாடியில் முந்நூறில் ஒரு பங்கே ஆகிறது. ஷட்டர் 2 வினாடி திறந்திருந்தாலும் 8 வினாடி திறந்திருந்தாலும் அந்தப் பிக்சலுக்கு அந்த உருண்டையிலிருந்து கிடைக்கும் ஒளி அவ்வளவுதான். ஆகவே ஒளிக்கோட்டின் பிரகாசத்தைத் துளையும் (லென்ஸில் ஒளி புகும் வாய்; எஃப் எண் கூடினால் அது சிறிதாகும்) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) நிர்ணயிக்கின்றன. ஷட்டர் நேரம் கோட்டின் நீளத்தையும், படத்தில் சேரும் பூக்களின் எண்ணிக்கையையும் நிர்ணயிக்கிறது. ஒரே இடத்தின்மேல் பூக்கள் அடுத்தடுத்து வெடித்தால் மட்டுமே நீண்ட நேரம் வெளுப்பில் முடியும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ஷட்டர் 2 முதல் 8 வினாடி என்பது நம்பிக்கையுடன் தொடங்கக்கூடிய அமைப்பு.

கோட்டையின் கதை வேறு. அது அசையாமல் நிற்பதால் அதன் ஒளி வினாடிக்கு வினாடி சேர்ந்துகொண்டே போகிறது. 1 வினாடியில் சரியாக விழும் கோட்டை 8 வினாடியில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) அதிகமாகி வெள்ளைச் சுவராகிவிடும். கோட்டைச் சுவரில் வண்ணப் படங்களைப் பாய்ச்சும் இன்றைய நிகழ்ச்சிகளில் இது பெரிய சிக்கல். ஒளியை மட்டுப்படுத்தும் என்.டி. ஃபில்டர் போட்டால் தீரும் என்று சொல்வது அரைகுறையான தீர்வு, ஏனெனில் ஃபில்டர் கோட்டையையும் வாணத்தையும் சம அளவில் மங்கலாக்குகிறது. அதே லென்ஸில் இரண்டுக்கும் இடையிலான சமநிலையை மாற்றும் ஒரே கைப்பிடி நேரம்தான். சுவரில் வெளிச்சம் மிகும்போது 1 அல்லது 2 வினாடிக்குக் குறைத்துக்கொள்வதோ, முக்காலியை அசைக்காமல் கோட்டைக்கு ஒரு குறுகிய படமும் வாணத்துக்கு ஒரு நீண்ட படமும் எடுத்துப் பின்னர் இணைப்பதோ நேர்மையான வழிகள்.

லென்ஸை மாற்றும்போதும் இந்தச் சமநிலை சற்று நகர்கிறது. தொலைவில் உள்ள மருந்துருண்டை ஒரு பிக்சலைவிடச் சிறிய புள்ளியாகவே விழுவதால், அதே எஃப் எண்ணில் 24 மி.மீட்டரிலிருந்து 16-க்குப் போனால் ஒளிக்கோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மங்குகிறது. பரப்பாக விழும் கோட்டைச் சுவரோ மங்குவதில்லை. அகலமான லென்ஸுக்கு மாறியவுடன் துளையை அரை ஸ்டாப் திறந்து, நேரத்தையும் அதே அளவு குறைத்துக்கொண்டால் பழைய சமநிலை திரும்பும்.

எஃப்/8-லேயே வேலை நடப்பதால் எஃப்/2.8 லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எஃப்/4 லென்ஸ் போதும். முழுத் துளையில் மூலைகளிலுள்ள விளக்குகளைச் சிறகு விரித்த பறவைகள்போல் காட்டும் கோமா என்ற பிழையும் எஃப்/8-ல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எஃப்/16-க்கு மேல் மூடுவது நல்லதல்ல. அங்கே, சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு வளைவால் ஒவ்வொரு புள்ளியும் 21 மைக்ரான் அகல வட்டமாக, மூன்றரை பிக்சல் அளவுக்குப் பரவுகிறது. வாங்கும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது கண்ணாடியின் முகப்பைத்தான். மிக அகலமான லென்ஸ்கள் பலவற்றில் முன்கண்ணாடி குமிழ்போலப் புடைத்திருப்பதால் சாதாரணத் திருகு ஃபில்டர் பொருந்தாது; பக்கத்து விளக்குக் கம்பத்தின் ஒளியும் எளிதில் உள்ளே புகுந்து படத்தில் பேய்ப்புள்ளிகளை (உண்மையில் இல்லாத ஒளிப்பொட்டுகளை) உண்டாக்கும்.

ஃபோகஸ் விஷயத்தில் அகலக்கோணம் பெரும் நண்பன். 16 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்துக் கோட்டையின்மேல் ஃபோகஸ் செய்தால், சுமார் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். இருட்டுவதற்கு முன்பே கோட்டையின்மேல் ஃபோகஸ் செய்து, தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட வேண்டும். முக்காலியில் வைத்தபின் அதிர்வுத் தடுப்பையும், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் காக்க வைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தையும் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் வசதி) அணைப்பது அவசியம்.

முக்காலிக்குப் பூங்காக்களில் விதிகள் உண்டு. டிஸ்னி பூங்காக்கள் 2015-ல் செல்ஃபி ஸ்டிக்கைத் தடை செய்தன. வழக்கமான முதுகுப்பைக்குள் அடங்காத முக்காலிக்கும் அங்கே அனுமதியில்லை. போகும் பூங்காவின் நடப்பு விதியைப் புறப்படுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். அனுமதி இருந்தாலும், பின்னால் நிற்கும் குழந்தையின் வானத்தை மறைக்கும் உயரத்துக்குக் கேமராவை ஏற்றக் கூடாது என்பதை நான் விதியைவிடப் பெரிதாக மதிக்கிறேன். லேசர் கதிர்கள் பாயும் நிகழ்ச்சியானால், அவை நேராக லென்ஸுக்குள் புகும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். சென்சாரை அவை நிரந்தரமாகச் சேதப்படுத்தக்கூடும்.

கடைசியாகக் காற்று. வெடிமருந்தின் புகை கலையாமல் நின்றால், அடுத்த வாணத்தின் ஒளி அதில் சிதறி வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அகலமான படத்தில் புகைக்கும் பெரிய பங்கு கிடைத்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்து 2004-ல் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தக் காற்றால் வாணங்களை ஏவும் முறையைக் கொண்டுவந்த பிறகு தரையருகே எழும் புகை குறைந்தது. உயரே வெடிக்கும்போது எழும் புகை இருக்கவே செய்கிறது. காற்று முதுகில் படும்படி நின்றால் புகை நம்மைவிட்டு விலகிச் செல்லும். பக்கவாட்டில் வீசினாலும் படத்தைவிட்டு நகர்ந்துவிடும். முகத்தில் வீசும் இரவுகளில், புகை சேர்வதற்கு முந்தைய முதல் சில நிமிடங்களிலேயே நல்ல படங்களை எடுத்து முடித்துவிட வேண்டும்.