புகை அடங்குன கரிதான் ஆளக் கொல்லுது

கொடைக்கானல், ஊட்டி பக்கம் குளிர்ல போய்த் தங்குறவங்க சிலபேர் ராத்திரி வெளிய பார்பிக்யூ போட்டு முடிச்சதும், அதான் புகையே இல்லையே, ரூம் கதகதப்பா இருக்கும்ல அப்படின்னு தணலோட அடுப்பத் தூக்கி உள்ள வெச்சு கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டுப் படுத்துடுறாங்க. அப்படிப் படுத்து காலைல எழுந்திருக்காமலே போனவங்க இருக்காங்க, இத நினைச்சாலே மனசு பதறுது.

புகை நின்னுட்டா ஆபத்தும் நின்னுடுச்சுன்னு நம்புறோம் பாருங்க, தப்பே அங்கதான். தணல்ல உருவாகுற கார்பன் டை ஆக்சைடு, கனகனன்னு இருக்குற கரி வழியா மேல வரும்போது இன்னும் கொஞ்சம் கார்பன சேத்துக்கிட்டு கார்பன் மோனாக்சைடா மாறிடும். கங்கு மேல சின்னதா நீல ஜுவாலை ஆடுறதப் பாத்திருப்பீங்க, அது இந்த வாயு எரியுறதுதான், அந்த ஜுவாலையும் இல்லன்னா எரியாம அப்படியே ரூம்ல கலந்துடும். நிறம் இல்ல, வாசனை இல்ல. சமையல் கேஸுக்காவது லீக் ஆனா தெரியணும்னு தனியா நாத்தம் சேக்குறாங்க, இதுக்கு அதுவும் கிடையாது.

ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் ஆக்சிஜன விட இத 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் புடிச்சுக்கும், நல்ல காத்துக்கு வந்த பிறகும் பாதி வெளியேறவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். கொரோனா நேரத்துல வாங்கி வெச்ச ஆக்சிமீட்டர விரல்ல மாட்டிப் பாத்து 98 காட்டுதுன்னு நிம்மதி ஆகிடாதீங்க, ரத்தத்துல ஒட்டியிருக்கிறது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடான்னு சாதாரண ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, இந்த வாயுவால மூச்சுத் திணறுற ஆளுக்கும் நல்ல நம்பர்தான் காட்டும்.

தலைவலி, குமட்டல், தலைசுத்தல்னுதான் ஆரம்பிக்கும், சாப்பாடு ஒத்துக்கலன்னு விட்டுடுவோம். ஆனா காய்ச்சல் இல்லாம வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்து, வெளிய போனா கொஞ்சம் தேவலைன்னு இருந்தா இதத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

கரி அடுப்பு வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம், ஜன்னலக் கொஞ்சம் திறந்து வெச்சாப் போதும்ங்கறதும் தப்பு. கேஸ் கீசர், ஜெனரேட்டர்லயும் இதே வாயு வரலாம், அதனால கீசர் பாத்ரூமுக்கு வெளிய இருக்கட்டும், கரண்ட் போனா ஜெனரேட்டர வாசல்லயோ பால்கனிலயோ ஓட்டாம வீட்ட விட்டுத் தள்ளி வைங்க. இந்த வாயு இருந்தா கத்துற அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது, படுக்கிற ரூம் பக்கத்துல ஒண்ணு மாட்டிடுங்க.

சந்தேகம் வந்தா யோசிக்காம எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 108க்கு போன் பண்ணுங்க, ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட ரூம்ல கரி எரிஞ்சுதுன்னு மறக்காம சொல்லுங்க, அதுக்கேத்த ரத்த டெஸ்ட் எடுத்து உடனே ஆக்சிஜன் மாஸ்க் போடுவாங்க.