பதினெட்டு போதாது: மகப்பேறு உதவித்தொகையின் வயதுக் கணக்கு

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிளாஸ்டிக் உறையிலிருந்து பேத்தியின் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினார் ஒரு பாட்டி. “பதினெட்டு முடிந்த பிறகுதானே அம்மா கட்டிக் கொடுத்தோம், பணம் கிடையாது என்கிறீர்களே?” செவிலியர் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்தார், பிறகு பாட்டியைப் பார்த்தார். பெண் அதற்குள் ஐந்து மாதம்.

பாட்டி சொன்னது பொய்யில்லை. அவர் எண்ணியது திருமணச் சட்டத்தின் கணக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கணக்கு வேறு: ஏழைக் கர்ப்பிணிக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் விழும். மீதி 4,000 ரூபாய்க்குப் பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். திருமணத்துக்கும் உதவிக்கும் நடுவே இருக்கும் இந்த ஓராண்டைப் பற்றிக் கல்யாணம் பேசும் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், பத்திரிகை அடிக்கும் முன்பே சொல்ல வேண்டிய செய்தி அது.

நாடு முழுவதும் இளவயதுப் பிரசவம் குறைந்துதான் வந்திருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 1992-93இல் 116 குழந்தைகள் பிறந்தன, 2005-06இல் 90, 2019-21இல் 43. பெண்கள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருந்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அஞ்செட்டி, பென்னாகரம் போன்ற பகுதிகளின் மலைக்கிராமங்களில், பள்ளி தூரம், பெற்றோர் வேலை தேடி பெங்களூருக்கோ ஓசூருக்கோ போய்விடுவார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பெண்ணைத் தனியே வீட்டில் வைத்திருக்கப் பயந்துதான் பலர் மாப்பிள்ளை தேடுகிறார்கள். படிப்பைத் தொடர வைக்க ஒரு வழி உண்டு. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2022இல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக் அல்லது ஐடிஐ சேரும் பெண்ணின் கணக்கில் இப்போது மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

பதினெட்டே ஆகாமல் கட்டி வைத்த வீடுகளில்தான் பெரிய சிக்கல். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நடத்தி வைத்தவருக்கும், மணந்த வயதுவந்த ஆணுக்கும் இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். பெண் 20 வயதுக்குள் நீதிமன்றம் சென்று அந்தத் திருமணத்தை ரத்து செய்துகொள்ளலாம். அப்படி ரத்தானாலும் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தையே. கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098க்கு அழைக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் தடுப்பு அதிகாரி.

போலீஸுக்குப் பயந்து கர்ப்பத்தையே மறைத்துவிடுகிறார்கள். பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். பதினெட்டுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் மறைத்தால் போவது பெண்ணின் உடம்பு. ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் இந்த வயதில் கூடுதலாக மிரட்டும். மாதாமாதப் பரிசோதனை இல்லாவிட்டால் வலி வந்த அன்றுதான் தெரியவரும். பதிவு செய்யாதவருக்கு, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் கிடைக்காது. அது இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் இழுபறி.

எனவே உதவித்தொகை இல்லை என்று தெரிந்தாலும், மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம் போதும். பரிசோதனை, தடுப்பூசி, மாத்திரை, அரசு மருத்துவமனைப் பிரசவம், அறுவை சிகிச்சையாக இருந்தாலும் கட்டணமில்லை. பிரசவத்துக்குப் போக 108, தாயும் பிள்ளையும் வீடு திரும்ப 102. அந்த வண்டிகளில் ஏற வயதுச் சான்று கேட்பதில்லை.