முதுகில் போடும் ஊசி

"டாக்டரம்மா, என்ன மருந்து வேணும்னாலும் கொடுங்க. முதுகுல மட்டும் ஊசி போடாதீங்க."

செந்தூலிலிருந்து ஏழு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி சொன்னது இது. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு பையனுக்கு அப்படி ஊசி போட்டார்களாம். அப்புறம் அவன் நடக்கவே இல்லையாம். சம்மதப் படிவத்துக்கு முன்னால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் குழந்தைகள் வார்டில் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தோட்டத்தின் பெயர் மாறும், பையன் பெண்ணாவான், ஊசி மட்டும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் வந்தால்தான் இந்த ஊசியையே கையில் எடுக்கிறோம். மருந்து ஏற்ற அல்ல, தண்டுவட நீரை எடுத்துச் சோதிக்க. காலை முடக்குவது, காதைக் கெடுப்பது எல்லாம் அந்த நோயின் வேலை. பழி என்னவோ ஊசிக்குத்தான்.

தண்டுவடம் இடுப்பு வரைக்கும்கூட வருவதில்லை. பெரியவர்களுக்கு அதற்கு மேலேயே முடிந்துவிடும். கைக்குழந்தைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான் உண்டு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நர்ஸ் இறால் மாதிரி வளைத்துப் பிடித்துக்கொள்வார். சின்ன பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழும். நல்ல நீர் குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். இந்தப் பேரனுக்கு அரிசி கழுவிய தண்ணீராக வந்தது.

ஊசி வேண்டாம், மருந்து மட்டும் கொடுத்தால் போதாதா? சம்மதத்துக்குக் காத்திருந்த நேரத்தில் ரத்தம் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கியிருந்தோம். முதுகு ஊசிக்காக மருந்தை யாரும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் மருந்து ஏறிய சில மணி நேரத்தில் நீரில் கிருமி வளராமலே போகலாம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் மருந்து என்று முடிவு செய்ய முடியும். சிலதுக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூன்று வாரம், காசநோய்க் கிருமி என்றால் பல மாதம். வைரஸ் என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம்.

'மூளைக்காய்ச்சல்' என்ற சொல்லே ஒரு குழப்பம். மூளையைச் சுற்றிய உறை வீங்கினாலும் அதே பெயர், மூளையே வீங்கினாலும் அதே பெயர். 1998-99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு வந்ததை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்துதான் நிப்பா வைரஸைப் பிடித்தார். நோய் ஓய்வதற்குள் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இன்னொரு தவறு நம் ஊருக்கே உரியது. காய்ச்சல் என்றால் டிங்கி. டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் காய்ச்சல் மருந்தான பனடோலோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தக் குழந்தையும் அப்படித்தான் இரண்டு நாள் வீட்டில் இருந்தான். கழுத்து விறைக்கவில்லையே என்று அப்பா கேட்டார். கைக்குழந்தைகளுக்குப் பல நேரம் விறைக்காது. அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, பால் மறுக்கிறானா, துவண்டு கிடக்கிறானா, தூக்கினால் அடங்காமல் இன்னும் வீறிடுகிறானா என்று பாருங்கள். தோலில் கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நம் நிறத்தில் அது சரியாகத் தெரியாது; உள்ளங்கை, பாதம், கீழிமையின் உள்பக்கம் பாருங்கள். புள்ளியே வராமலும் நோய் இருக்கும்.

"எல்லா ஊசியும் போட்டாச்சே" என்பார்கள். நல்லதுதான். மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளில் ஒன்றான ஹிப்புக்குத் தடுப்பூசி 2002இலிருந்து அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கிறது. 2020 முதல் பிறந்தவர்களுக்கு நிமோகாக்கல் என்ற இன்னொரு கிருமிக்கான ஊசியும் உண்டு. மக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மெனிங்கோகாக்கல் ஊசி அரசாங்கத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. எந்த ஊசியும் எல்லாக் கிருமிக்கும் காவல் நிற்காது.

பேரன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் நாளில் காது டெஸ்டுக்குத் தேதி எழுதிக் கொடுத்தேன். இந்த நோய் கேட்கும் திறனைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். பாட்டி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரனின் இரண்டு காலையும் ஒருமுறை நீவிவிட்டார்.

"இதுக்கும் ஊசியா டாக்டரம்மா?"