வருஷம் அழிந்த காசெல்லாம் எரர் காசு இல்லை, அண்ணாச்சி

"இதுல வருஷமே இல்ல அண்ணாச்சி, மின்ட் எரர். வீடியோல அஞ்சு லட்சம்னு சொல்லுகான்." நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பழைய நாணயம் பார்க்கும் எந்த மேசையிலும் வாரம் தவறாமல் கேட்கிற பேச்சு இது. மின்ட் எரர் என்றால் நாணயச் சாலையில் அடிக்கும்போதே பிழையாகிப்போன காசு. மேசைமேல் இருப்பது பெரும்பாலும் மன்னர் முகமே மழுங்கிப்போன ஒரு காலணா. வருஷம் இல்லைதான். ஆனால் அடிக்கும்போது இருந்தது, ஆயிரம் கை பட்டுத் தேய்ந்து போயிற்று.

மறுபடியும் சொல்கிறேன். காசில் ஓர் எழுத்தோ எண்ணோ காணவில்லை என்பது மட்டும் எரருக்குச் சாட்சி ஆகாது. அது அடிக்கும்போதே விழவில்லையா, விழுந்தபின் போனதா என்று பார்க்க வேண்டும். தேய்மானம் மேட்டில்தான் தொடங்கும். கன்னம், காது, கிரீடத்துக் கற்கள் வழுக்கையாகிவிட்டு அதோடு வருஷமும் மங்கியிருந்தால் அது தேய்மானம், பேச்சுக்கே இடமில்லை. முகமும் கிரீடமும் கூராக நிற்க, ஒரே ஓர் எண் மட்டும் மங்கியிருந்தால், காசில் வடிவத்தைப் பதிக்கும் அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். அப்போதும் அவசரம் வேண்டாம். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பிசுக்கு அடைத்த இடம் சுற்றியுள்ள தரையோடு, அதாவது காசின் வெற்றுப் பரப்போடு, ஒரே மட்டத்தில், ஒரே நிறத்தில் இருக்கும். யாரோ சுரண்டிய இடம் தரைக்குக் கீழே இறங்கியிருக்கும், ஒரே திசையில் அரம் தேய்த்த கீறல் ஓடும். இந்தச் சுரண்டலைச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள், கவனம்.

கோடு தெரிந்தால் கேள்வி ஒன்றுதான்: மேடா, பள்ளமா? அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடாகத்தான் வரும். பள்ளம் என்றால் கீறல். விளிம்பில் ஒரு கட்டி இருந்தால் உடனே 'அச்சு உடைந்த எரர்' என்று குதிக்காதீர்கள். நம் பக்கத்தில் முக்கால்வாசி அது காசுமாலைக்கு ஆசாரி வளையம் பற்றவைத்த தடம்தான். பற்றாசின் நிறமே வேறாக இருக்கும், அந்த இடத்தில் விளிம்பு வரிகளும் உருகியிருக்கும். அச்சு உடைந்து வந்த மேட்டில் காசின் நிறமே இருக்கும், நேர் பின்பக்கத்தில் வடிவம் மங்கியிருக்கும்.

இப்போது அதிகம் ஏமாற்றுவது 'லக்கி' என்று சந்தையில் சொல்லும் புரோக்கேஜ். முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வெற்றுத் தகட்டில் அதன் உருவம் கண்ணாடி பிம்பமாய், பள்ளமாய், முழுசாய்ப் பதியும். மறுபக்கம் ஒழுங்காக இருக்கும். பட்டறை வைஸில் (இறுக்கும் கருவியில்) இரண்டு காசை வைத்து நெருக்கினாலும் பள்ள உருவம் வரும், ஆனால் அரைகுறையாக. அதன் அடியில் காசின் பழைய வடிவம் நசுங்கிக் கிடக்கும். அழுத்தம் தாங்கிய மறுபக்கத்தின் மேடுகளும் தட்டையாகியிருக்கும். அடியில் பழைய முகம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

விளிம்பு பிறைபோல் வெட்டுப்பட்ட காசா? வெட்டை விடுங்கள், அதற்கு நேர் எதிர்விளிம்பைப் பாருங்கள். தகடு வெட்டும்போதே குறைந்திருந்தால் எதிரே விளிம்பு மெலிந்திருப்பது வழக்கம், வெட்டோரத்து எழுத்தும் வெட்டை நோக்கி இழுபட்டு மங்கும். கத்தரியால் நறுக்கியதில் எழுத்து பாதியில் 'சடக்'கென்று நிற்கும்.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தேய்ந்தது 11.4 காட்டினால் சகஜம். 10 கிராமுக்கு இறங்கி, மேடு, பள்ளம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா எழுத்தும் ஒன்றுபோல் மெலிந்திருந்தால் ஆசிடில் போட்ட காசு. காந்தமும் உதவும், ஆனால் 1950-களின் நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். அதை 'மாற்று உலோக எரர்' என்று கொண்டுவராதீர்கள். 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாவையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். போர்க்காலத்தில் ஓட்டையோடேதான் அடித்தார்கள், வடிவமே ஓட்டைக்கு இடம்விட்டு வரைந்தது. ஓட்டை விழாமல் தப்பிய காசு கிடைத்தால் வாருங்கள், அதையும் ஈயம் வைத்து அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம், வீட்டுக்கு வீடு வெற்றிலைச் செல்லத்தில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்க் காசு கிடக்கும். அரை கிராம்கூடத் தேறாத வெள்ளிச் 'சக்கரம்' என்ற திருவிதாங்கூர்ச் சின்னக் காசில் வடிவம் ஓரம் தள்ளி விழுந்திருப்பது எரர் அல்ல. கையால் அடித்த காசு, அச்சைவிடத் தகடு சின்னது, அப்படித்தான் விழும். நாயக்கர் காசும் சோழர் காசும் அதே கதைதான். திருவிதாங்கூர் அரை ரூபாயில் 1112 என்று இருந்தால் அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு, அதாவது 1936-37. சோழர் காலத்துக்குப் போய்விடாதீர்கள்.

'ரிசர்வ் வங்கி மூலம் வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் வையுங்கள். பழைய நாணய விற்பனைக்குத் தங்கள் பெயரில் கட்டணமோ கமிஷனோ கேட்பது மோசடி என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. இருந்தும் கட்டுகிறீர்கள்!

கடைசியாக ஒரு கெஞ்சல். புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். எரரா தேய்மானமா என்று சொல்லும் சாட்சியே அந்த நிறமும் மெருகும்தான், விலையும் அதோடு கழுவிப் போய்விடும். செல்லத்தில் கிடக்கும் அழுக்கோடே, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் தாளில் மடித்து, விளிம்பைப் பிடித்து எடுத்து வாருங்கள்.